திருத்தம் வேண்டாத நட்சத்திரம்

மூன்றாவது தடவையும் அதே எண் வந்தபோது, நெரெய்தா வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைக் கடிக்காமல் தட்டில் வைத்தாள். அப்போது பயமொன்றும் இல்லை, எரிச்சல்தான். குளிர்கால இரவு நீளமானது, நட்சத்திரங்களின் பட்டியலும் நீளமானது. அதில் ஒன்று மட்டும் வேலையைக் கெடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

வேலை என்னவோ சின்ன வேலைதான். நம் பால்வெளியில் மற்றவற்றைவிடக் கண்மண் தெரியாமல் ஓடும் நட்சத்திரங்கள் சில உண்டு, அவற்றின் வேகத்தை அளக்கவேண்டும். அவற்றின் ஒளியை வானவில் மாதிரி விரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருந்தால் அது நம்மை நோக்கி வருகிறது, எண்ணுக்கு முன்னால் மைனஸ் போடவேண்டும். சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் விலகிப் போகிறது, பிளஸ். சிக்கல் வருவது அளக்கிறவர்கள் பக்கத்தில்தான். தொலைநோக்கியோடு நாம் நிற்கிற மலையே பூமியோடு சேர்ந்து சுழல்கிறது, சூரியனைச் சுற்றி ஓடுகிறது. அந்த ஆட்டமும் எண்ணில் கலந்துவிடும். அதைக் கழிப்பதற்குத் 'திருத்தம்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் எண் ஒரு இடத்தில் நிற்கும். போட மறந்தால் இரவு முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். புதிதாக மலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அதை மறந்து, காலை உணவின்போது எல்லார் வாயிலும் விழுவார்கள்.

அன்றைக்கு நெரெய்தா மறந்திருந்தாள். பத்து வருட அனுபவம், முனைவர் பட்டம், எல்லாம் இருந்தும் மறந்திருந்தாள். ஆனால் எண் ஆடவில்லை. நொடிக்கு நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மைனஸ். மூன்று தடவையும் கடைசி இலக்கம் வரை அதே எண்.

திருத்தத்தைப் போட்டுப் பார்த்தாள். உடனே மூன்று எண்களும் மூன்று திசையில் சிதறின. எடுத்துவிட்டாள். மறுபடி கல் மாதிரி நின்றன.

"உங்க லா செரேனா டீம் மாதிரிதான் இதுவும் டாக்டர்," என்றார் தொலைநோக்கியை இயக்கும் தோன் எவரிஸ்தோ, அடுத்த மேசையிலிருந்து. "எந்தப் பக்கம் ஓடணும்னே தெரியாம ஓடுது."

அவர் மலைக்குக் கீழே இருக்கும் கொக்கிம்போக்காரர், அவள் பக்கத்து ஊரான லா செரேனாக்காரி; இரண்டு ஊர்க் கால்பந்து அணிகளுக்கும் ஆகாது. அறுபதை நெருங்குகிறவர். கழுத்தில் மஃப்ளர் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. உங்கள் டீமுக்கு ஓடவே தெரியாதே என்று நெரெய்தா திருப்பிக் கொடுத்தாள். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நிலம் லேசாக ஆடியிருக்குமோ என்றார், அது எங்கள் பக்கத்தில் தினப்படி நடப்பதுதான். ஆடவில்லை. கருவியைச் சரிபார்க்கும் விளக்கு சரியாக இருந்தது, கடிகாரம் சரியாக இருந்தது, பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டன. இது ஒன்றுதான்.

விடியற்காலையில் தங்கும் விடுதிக்கு நடந்து போகும்போது அவளுக்கு அது உறைத்தது.  பூமியின் ஆட்டத்தை அவள் கழிக்கவில்லை, சரி. எண் ஆடாமல் நிற்கிறது என்றால் வேறு யாரோ கழித்திருக்கிறார்கள். மலை இடது பக்கம் போனால் அதுவும் இடது பக்கம் சாய்ந்து வருகிறது, மலை பின்வாங்கினால் அதுவும் அந்த அளவுக்கு விரைந்து வருகிறது. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி எத்தனையோ ஆயிரம் வருடம் ஆகிறது. கிளம்பும்போதே, இன்று இரவு இந்த மலை எங்கே இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஆய்வுக்கூடத் தலைவரிடம் சொல்லலாம் என்று நினைத்து, சொல்லவில்லை. என்ன சொல்வது? கானரித் தீவில் வேறொரு தொலைநோக்கியில் இருக்கும் பழைய வகுப்புத் தோழன் கயெத்தானோவிடம், காரணம் சொல்லாமல், அதை ஒரு தடவை அளந்து தரச் சொன்னாள். இரண்டு நாளில் பதில் வந்தது. அது சாதாரண நட்சத்திரம், நம்மைவிட்டு விலகித்தான் போகிறது, நீ முதலில் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கு என்று எழுதியிருந்தான்.

அப்படியென்றால் அது பூமிக்கு வரவில்லை. இந்த மலைக்கு மட்டும்தான் வருகிறது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அந்த எண்ணம்தான் அவளைக் காப்பாற்றியது. மலையை விட்டு இறங்கினால் போதும். கீழே லா செரேனாவில் தங்கை ரெபேகாவின் வீட்டில் ஐந்து வயது மகள் ஆயெலென் இருக்கிறாள். அம்மா மலையில் இருக்கும் வாரங்களில் அவள் அங்கேதான் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சண்டை போடுகிறாள். அது மலைக்கு வருகிறதென்றால் அங்கே வராது. ஒவ்வொரு மாலையும் போனில் குழந்தையின் குரலைக் கேட்டுவிட்டுக் குவிமாடத்துக்கு ஏறும்போதெல்லாம் நெரெய்தா இதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வேலை முறைக்கு மேலே வந்தபோது, எண் குறைந்திருந்தது. முந்நூறு. மறுநாள் இன்னும் கீழே. அந்த முறை முடிவதற்குள் நூறுக்குக் கீழே போய்விட்டது. தோன் எவரிஸ்தோவுக்கு நிம்மதி. கோபம் அடங்கிப் போகிற மாதிரி அடங்குகிறது, இன்னும் கொஞ்ச நாளில் தானாகவே சரியாகிவிடும், நாம் கவலைப்பட்டதுதான் மிச்சம் என்றார்.

"குறையுதுன்னா போகுதுன்னு அர்த்தமில்ல," என்றாள் நெரெய்தா. "பஸ் எப்ப வேகத்தைக் குறைக்கும்? இறங்க வேண்டிய இடம் வந்தா."

 அவர் எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் கொதித்து ஆறியது, இருவரும் ஊற்றிக்கொள்ளவில்லை. அப்போதிலிருந்து அந்த நட்சத்திரத்தைப் பற்றி அவர் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார்.

அளக்காமல் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். இருட்டில் ஏதோ வருகிறது என்று தெரிந்த பிறகு, எங்கே வந்திருக்கிறது என்று பார்க்காமல் யாரால் உட்கார முடியும்? மற்ற நட்சத்திரங்களை அரைகுறையாக முடித்துவிட்டு, தினமும் அதனிடம் திரும்பினாள். முன்பெல்லாம் அரைமணி நேரம் ஒளியைச் சேர்த்தால்தான் கோடுகள் தெரியும். இப்போது ஒரு நொடி போதுமானதாக இருந்தது. தொலைநோக்கியைக் குறிவைக்க உதவும் வழிகாட்டும் கேமராவில் பார்த்தால் அதே மங்கலான புள்ளிதான், ஒரு துளி கூடப் பெரிதாகவில்லை. கருவிக்குள் மட்டும் ஒளி கொட்டியது.

அதற்கு அடுத்த வேலை முறையின் கடைசி இரவில் கிலோமீட்டர் போய் மீட்டர் வந்துவிட்டது. அவர்களுடைய கருவி கெட்டிக்காரக் கருவி, ஒரு மனிதன் நடக்கிற வேகத்தைக்கூடப் பிடித்துவிடும். அதைப் பெருமையாகச் சொல்லித்தான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள்.

மாலையிலிருந்தே அறையில் ஒரு வாசனை. வெறும் சட்டியை அடுப்பில் வைத்து மறந்துபோனால் வருமே, அந்த மாதிரி. தோன் எவரிஸ்தோ ஹீட்டரை அணைத்துப் பார்த்தார். வாசனை போகவில்லை. அறை குளிர்ந்ததுதான் மிச்சம். மேலே குவிமாடம் நட்சத்திரங்களைத் தொடர்ந்து மெல்லத் திரும்பும்போது எப்போதும் கேட்கும் அந்தத் தாழ்ந்த உறுமல், கருவியைக் குளிர்விக்கும் நைட்ரஜனின் சீறல், சுவர்க் கடிகாரம், அவருடைய நாற்காலியின் முனகல், இவை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே யாரோ காதைப் பொத்திப் பொத்தி எடுப்பது மாதிரி ஒரு அடைப்பு வந்து வந்து போனது. நெரெய்தா எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தாள். கதவுக்கு வெளியே தினமும் வந்து ரொட்டித் துண்டுக்கு நிற்கும் நரி அன்றைக்கு வரவில்லை.

நொடிக்கு நாற்பது மீட்டர். அப்புறம் முப்பது. திரையில் எண் நொடிக்கு நொடி மாறியது.

"குவிமாடத்தை மூடுங்க, தோன் எவரிஸ்தோ."

வானம் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது மூடுவதற்குக் காரணம் எழுதவேண்டும், கேள்வி கேட்பார்கள். அவர் அதையெல்லாம் பேசவில்லை. பொத்தானை அழுத்தினார். தலைக்கு மேலே இரும்புக் கதவுகள் உருண்டுவந்து ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தன. பெரிய கண்ணாடியின் மூடியையும் இறக்கினார். வழிகாட்டும் கேமரா கறுத்துப்போனது. அந்தப் புள்ளியும் போய்விட்டது.

கோடுகள் போகவில்லை. அதே பிரகாசம். அதே கோடுகள். நொடிக்கு ஆறு மீட்டர், மைனஸ்.

எங்கிருந்தோ விளக்கொளி கசிகிறது என்று தோன் எவரிஸ்தோ முணுமுணுத்தார். கருவி அறையின் விளக்குகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்தார். கருவியைச் சரிபார்க்கும் விளக்கின் மின்சாரத்தையே துண்டித்தார்.  

நான்கு மீட்டர். இரண்டு. ஒன்று.

பூஜ்யம்.

எண் அங்கேயே நின்றது. இருவரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். கூரைக்கு மேலே தொலைநோக்கி. அதற்கு மேலே மூடிய இரும்பு. நடுவில் வெறும் இருட்டு. சத்தம் எதுவும் இல்லை. சத்தம் கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை என்று நெரெய்தாவுக்குத் தோன்றியது.

"நீங்க கெளம்புங்க," என்றார் அவர் கடைசியில். "பாப்பாகிட்ட போங்க. தொலைநோக்கியை இப்படியே விட்டுட்டு வர முடியாது. நிறுத்தவேண்டியதை நிறுத்திட்டு நானும் வந்துடறேன்."

தனியாக விட்டுப் போகமாட்டேன் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அவர் அதைப் புரிந்துகொண்டார் போல. வாக்கி-டாக்கி ஒன்றை அவள் கையில் திணித்து, வண்டி நிற்கிற இடம் வரைக்கும் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், தைரியமாக இருக்கும் என்றார்.

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. நிலா இல்லாத இரவு. எங்கள் மலையில் ராத்திரியில் வண்டிகள் மேலே வரக்கூடாது, ஹெட்லைட் ஒளி பட்டால் எல்லார் வேலையும் கெட்டுவிடும். அதனால் வண்டிகள் எல்லாம் கீழ் வளைவுக்கு அப்பால்தான் நிற்கும். நடந்துதான் போகவேண்டும், டார்ச் இல்லாமல். அவள் பையில் டார்ச் இருந்தது. எடுக்கவில்லை. அடுத்த மேட்டில் இரண்டு குவிமாடங்கள் திறந்திருந்தன, அங்கே யாரோ எதையோ அளந்துகொண்டிருந்தார்கள். உயிர் போகிற பயத்திலும் கை பையின் ஜிப் வரை போய்த் திரும்பி வந்தது. அப்படிப் பழகிப்போன கை. சாலை ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக இருக்கும், அவைகூடத் தெரியவில்லை. காலுக்கு வழி தெரியும் என்று நடந்தாள்.

"பூஜ்யம்தான்," என்றது வாக்கி-டாக்கி. சரளைக்கல் அவள் காலடியில் நொறுங்கியது. கொஞ்ச தூரம் அந்தச் சத்தம் மட்டும்தான்.

"டாக்டர்." அவர் குரலில் மூச்சு வாங்கியது. "பிளஸ் வந்திருச்சு. கெளம்பிருச்சு. அது போகுது, டாக்டர்."

நெரெய்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு வேகம் என்று கேட்டாள். மெதுவாகத்தான், நொடிக்கு ஒரு மீட்டர், ஒன்றேகால், ஆனால் நிற்காமல் போகிறது என்றார். அவர் சிரிப்பது கேட்டது. வெட்கம்கெட்ட நட்சத்திரம், கதவைச் சாத்தியதும் ரோஷம் வந்துவிட்டது பாருங்கள் என்றார். அவளும் சிரித்தாள். அழுதாள். எல்லாம் முடிந்தது. விடிவதற்குள் லா செரேனா போய்விடலாம். ரெபேகாவை எழுப்பாமல் உள்ளே நுழைந்து, ஆயெலெனுக்குப் பக்கத்தில் போர்வைக்குள் புகுந்துகொள்ளலாம். குழந்தை எப்போதும் ஒரு காலைப் போர்வைக்கு வெளியே போட்டுக்கொண்டுதான் தூங்கும். அந்தக் கால் சில்லென்று இருக்கும்.

மூக்கைத் துடைக்க நின்றாள்.

"ம், நின்னுருச்சு," என்றார் தோன் எவரிஸ்தோ.

கைக்குட்டையைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தாள்.

"பரவாயில்ல, திரும்பக் கெளம்பிருச்சு. நல்லா போகுது."

இன்னும் சில அடிகள் நடந்த பிறகுதான் அவள் கால்கள் தாமாகவே தயங்கின. பிளஸ் என்றால் விலகிப் போகிறது. எதிலிருந்து விலகுகிறது? தொலைநோக்கியிலிருந்து. தொலைநோக்கி அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவளும் அதிலிருந்து விலகித்தான் போய்க்கொண்டிருக்கிறாள். நொடிக்கு ஒரு மீட்டர். ஒன்றேகால்.

வேகமாக நடந்தாள்.

"வேகம் கூடுது டாக்டர். ஒண்ணரை. ரெண்டு." அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

நின்றாள்.

"நின்னுருச்சு."

அது மலைக்கு வரவில்லை. ஒருநாளும் மலைக்கு வரவில்லை. அவள் அளக்கும்போது அவள் மலையில் இருந்தாள், அவ்வளவுதான். கயெத்தானோ பார்த்தபோது அது ஏன் சாதாரணமாக இருந்தது என்பதும் இப்போது புரிந்தது. அது அவனிடம் வரவில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை. முன்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் வண்டியின் கறுத்த முதுகு. ஓடினால் ஏறிவிடலாம். ஏறினால் கால் தானாக வீட்டுப் பக்கம்தான் மிதிக்கும், வேறு எந்தப் பக்கம் மிதிக்கும்? அதுவும் வரும். சாலை வழியாக வரும். மாடிப்படியில் வரும். போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் அந்தச் சின்னக் காலின் பக்கத்தில் வந்து நிற்கும்.

நெரெய்தா பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள். பள்ளத்தின் பக்கம் கையை ஓங்கி, பலம் கொண்ட மட்டும் எறிந்தாள். கல்லில் மோதியது. உருண்டது. அப்புறம் சத்தமில்லை.

"என் பொண்ணே," என்றாள். 

அந்த வாசனை வந்தது. வெறும் சட்டி. காது அடைத்தது.

"டாக்டர், நீங்க நடக்கறீங்களா?" வாக்கி-டாக்கி கரகரத்தது. "அது நிக்கல இப்ப. போயிட்டேதான் இருக்கு."

அவள் நடக்கவில்லை. அசையவே இல்லை. பின்னால் சரளைக்கல் நொறுங்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நொறுங்கவில்லை. பிடரியில் மட்டும் வெயில் படுவது மாதிரி ஒரு சூடு.

வெள்ளைக் கற்கள் தெரிந்தன. ஒன்று. அதற்கப்பால் ஒன்று. வளைவு வரைக்கும், வரிசையாக. சரளையில் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக.

சாலையில் அவளுக்கு முன்னால் அவள் நிழல் விழுந்திருந்தது. நீளமாக. மிகவும் கறுப்பாக.

"நின்னுருச்சு," என்றார் தோன் எவரிஸ்தோ. "வண்டிகிட்ட போயிட்டீங்களா?"

நிழல் குட்டையாகத் தொடங்கியது. நிழலின் தலை இடுப்பு இருந்த இடத்துக்கு வந்தது. இடுப்பு முழங்கால் இருந்த இடத்துக்கு வந்தது. அவள் தலைக்கு மேலே ஏதோ மெல்லக் குனிய, அவள் நிழல் அவள் காலடிக்குள் சுருங்கிக்கொண்டே வந்தது.